எமிலி வார்ட் அம்மையாருக்கு, கொழும்புக் கோட்டையிலிருந்து

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

நீங்கள் வரைந்து கொடுத்த கோபுரம் இன்னும் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில், நட்டநடு வீதியில், வாகனங்கள் சுற்றிக்கொண்டு போக நிற்கிறது. ஜனாதிபதி மாவத்தை என்றால் உங்கள் காலத்துக் குயின்ஸ் வீதிதான்.

1857இல் கட்டி முடித்தபோது அது மணிக்கூட்டுக் கோபுரம். அதன் தலையில் கப்பல்களுக்கான விளக்கு ஏறியது பத்து வருடம் கழித்து, 1867இல். அதற்குள், இங்கே இலங்கை ஆளுநராக இருந்த உங்கள் கணவர் ஹென்றி வார்ட் மதராஸுக்கு ஆளுநராகப் போய், போன கொஞ்ச நாளிலேயே கொலராவில் இறந்துவிட்டார்.

அந்த விளக்கின் அருமை இன்றைய துறைமுகத்தைப் பார்த்தால் விளங்காது. அப்போது அலைதாங்கி, அதாவது அலையைத் தடுக்கும் கடற்சுவர், கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையும் ஆட்களும் படகில்தான் கரைக்கு வரவேண்டும். தென்மேல் பருவக்காற்று கிளம்பிவிட்டால் படகுக்காரர் பாடு பெரும்பாடு. தபால் கப்பல்கள் காலிக்குப் போனதில் வியப்பே இல்லை. 1875இல் வேல்ஸ் இளவரசர் முதற்கல் வைத்த அலைதாங்கி 1885இல் முடிந்த பிறகுதான் கொழும்பின் கை ஓங்கியது. பெரிய நீராவிக் கப்பல்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப்பேர். எனக்கு நினைவுக்கு வருவது தூத்துக்குடித் தோணிகள். பாய் விரித்துச் சரக்கோடு வந்த எங்கள் ஆட்களுக்கும் இரவில் கரை காட்டியது உங்கள் கோபுரம்தான்.

இப்போதுள்ள மணிக்கூட்டைச் செய்தவர்கள் லண்டன் பிக் பென் மணிக்கூட்டைச் செய்த டென்ட் நிறுவனத்தார். 1872இலேயே செய்தாயிற்று, செலவுக்குப் பயந்து பண்டகசாலையில் போட்டுவைத்து, 1914இல்தான் இயங்க வைத்தார்கள். பிறகு சுற்றிலும் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட்டன. 1952இல் விளக்கை அணைத்தார்கள்.

அதே வருடம் கடலோரமாகக் கட்டிய புதிய வெளிச்சவீட்டுக்கும் நடந்து போனேன். அடியில் நான்கு சிங்கச் சிலைகள். சுதந்திர தினத்தில் கடற்படை 25 வேட்டு தீர்ப்பது அங்கேதான். தெற்கே திரும்பினால், கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம். காற்று நல்ல காற்று. ஆனாலும் என் மனம் நிற்பது சதாம் வீதிச் சந்தியில்தான். 1996இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பின் பல காலம் அந்தப் பக்கம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. இன்று நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க முடிகிறது. அதுவே எனக்குப் பெரிய காரியம்.

திரும்பி வரும்போது ஆட்டோக்கார அண்ணனிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். “ஒரு பொம்பிளையா கீறினவ?” என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தினமும் அந்தச் சந்தியைச் சுற்றுகிறவர் அவர். உங்கள் கணவர் பெயரில் வார்ட் பிளேஸ் என்றொரு வீதி இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்காத கொழும்புக்காரர் இல்லை. கோபுரத்தை வரைந்தவரின் பெயரும் அப்படி வாயில் வரவேண்டும் என்பது என் ஆசை.

விடுமுறைக்கு மருமக்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள். காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை (இறால் வடை) என்று நச்சரிப்பார்கள். சரி, வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு முன் கோபுரத்தடிக்குக் கூட்டிப்போய், உங்கள் பெயரைச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்