அறுந்த நியூட்ரல்

கோத்தகிரி,
மாசி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கொடைக்கானலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி இங்கே அனைவரையும் மகிழ்வித்தது. உறைபனிக் காலம் முடிந்து தேயிலை துளிர்க்கத் தொடங்கியிருக்கிறது.

எங்கள் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரே இரவில் ஐந்து தொலைக்காட்சிப் பெட்டிகள் கருகியதைப் பற்றி, ட்ரான்ஸ்பார்மரில் நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பியை, எர்த் செய்து பூமியோடு இணைத்திருந்தும் அது எப்படி நேர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே இரண்டு எர்த் குழிகளும் நல்ல நிலையில்தான் இருந்தன. நியூட்ரல் கம்பி அறுந்தது நான்கு கம்பம் தள்ளி. அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் யாரோ கையால் முறுக்கி இணைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் மூடுபனியில் நனைந்த அந்த முறுக்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. கம்பி அறுந்த இடத்துக்கு அப்பால் இருந்த வீடுகளுக்கு ட்ரான்ஸ்பார்மரின் எர்த் எட்டவில்லை. திரும்பும் வழி இல்லாததால், மின்சாரம் கொண்டுவரும் இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையிலான 400 வோல்ட் இரண்டு வீடுகளின் மேல் தொடராக விழும்போது, ஒரு வீட்டில் 2000 வாட் ஹீட்டரும் மற்றதில் 60 வாட் பல்பு ஒன்றும் மட்டும் இருந்தால், ஹீட்டருக்கு 12 வோல்ட்தான் கிடைக்கும், மீதி 388 வோல்ட்டும் பல்பின் மேல் விழும். குறைவாக மின்சாரம் செலவழித்த வீடுதான் அதிகம் இழந்தது என்பதே என்னை வருத்துகிறது.

லைன் கடைசியிலும் நியூட்ரலை எர்த் செய்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். ஆனால் நம் மலையில் நான்கடி தோண்டினால் பாறை. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் பங்குனியில் மண் காய்ந்ததும், மின்சாரம் பாய்வதற்கு மண் காட்டும் தடை ஏறிவிடுகிறது. பேஸ் கம்பி ஒரு கிரைண்டரின் உடம்பைத் தொட்டால், பூமி வழியாகத் திரும்பும் பாதையின் தடை 20 ஓம் என்று வையுங்கள், வீட்டின் 230 வோல்ட்டில் ஓடுவது 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகாது, கிரைண்டரின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீர்மின் நிலைய ஜெனரேட்டரின் நியூட்ரலை நேராக எர்த் செய்யாமல் தடையின் வழியாகச் செய்வதன் காரணத்தையும் கேட்டீர்கள். நேராகச் செய்தால், பழுதின்போது பாயும் மின்னோட்டம் ஸ்டேட்டரின் (ஜெனரேட்டரின் சுழலாத பகுதியின்) இரும்புத் தகடுகளையே உருக்கிவிடும்; சுருளை மாற்றுவது எளிது, தகடுகளை அடுக்குவது மாதக்கணக்கான வேலை. எனவே அந்த மின்னோட்டத்தைப் பத்து ஆம்பியர் அளவில் கட்டுப்படுத்துகிறார்கள். 11 கிலோவோல்ட் ஜெனரேட்டரை எர்த்தே செய்யாமல் விட்டால், ஒரு பேஸ் பூமியைத் தொட்டதும் மற்ற இரண்டும் பூமியைப் பொறுத்து 6.35 கிலோவோல்ட்டிலிருந்து 11 கிலோவோல்ட்டுக்கு ஏறும். தொட்ட இடத்தில் தீப்பொறி விட்டுவிட்டு எரிந்தால் அதற்கும் மேலே போகும்.

உங்கள் பகுதியிலும் பாறைதான். வெயில் ஏறுவதற்குள் எர்த் மெக்கர் என்ற தடை அளக்கும் கருவியை வைத்து உங்கள் எர்த் குழிகளை அளந்து, அளவுகளை எழுதி அனுப்புங்கள். கம்பத்து இணைப்புகளில் அலுமினியத்தையும் செம்பையும் இணைக்கும் பைமெட்டல் கிளாம்ப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தோழன்