நான்காவது கேள்விக்கும் சேர்த்து நன்றி

தன்னார்வ அமைப்புகளுக்கான சமூக ஊடகப் பயிற்சிக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பயிற்சி நடந்தது. வந்த 18 பேரும் தங்கள் அமைப்பின் பெயரில் ஒரு பதிவையாவது வெளியிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். மனம் நிறைந்திருக்கும்போதே எழுதிவிடுகிறோம்.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரே, இந்த மடலில் பெரும்பகுதி உங்களுக்கு. யாரும் சொல்லாமலேயே, நான்கு நாள் முன்னதாக, பதிவு செய்திருந்த ஒவ்வொருவரையும் கைபேசியில் அழைத்தீர்கள். உங்கள் அமைப்பின் சமூக ஊடகப் பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது? உள்ளே நுழையும்போது வரும் ரகசிய எண் யாருடைய போனுக்குப் போகிறது? உங்கள் போனில் இடம் மிச்சம் இருக்கிறதா? கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

"எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்றவர்களையும் நீங்கள் விடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொரு பிரவுசரில் நுழைந்து பார்க்கச் சொன்னீர்கள். இருக்கும் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தோம். கடவுச்சொல்லை மறந்தவர் வெளியேறிவிட்டால், திறந்திருந்த ஒரே கதவும் சாத்திக்கொள்ளும்.

இந்த வகைப் பயிற்சிகள் பாடம் மோசமாக இருந்து கெடுவது குறைவு. உள்ளே நுழைய முடியாமல்தான் கெடுகின்றன. முகநூல் பக்கத்துக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கு வழியாகத்தான் அதை நடத்த முடியும். தொடங்கி வைத்த தன்னார்வலர் வேறு ஊருக்கு வேலை மாறியிருப்பார். சாவியும் அவரோடு போயிருக்கும். இன்ஸ்டாகிராமில் கடவுச்சொல் கையில் இருக்கும், ஆனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பின் எண், அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படும் ரகசிய எண், பழைய ஒருங்கிணைப்பாளருக்குப் போகும். அவரைப் பிடித்துக் கேட்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். இதையெல்லாம் அரங்கில் கண்டுபிடித்தால், 3 மணி நேரப் பயிற்சியில் முதல் மணி நேரம் போச்சு. சரி, புதுக் கணக்கே தொடங்கலாம் என்று ஒரே வைஃபையில் பத்துப் பேர் முயன்றால், தளம் சந்தேகப்பட்டுத் தடுத்துவிடவும் கூடும்.

உங்கள் அழைப்புகளால் 5 பேருக்கு உள்ளே போக வழியில்லை என்பது முன்பே தெரிந்தது. பழைய நிர்வாகியைத் தேடிப் பிடிக்கவும், ரகசிய எண் போகும் போனை மாற்றவும், இன்னொருவருக்கும் முழுக் கட்டுப்பாடு கொடுக்கவும், ரகசிய எண் கிடைக்காதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பூட்டி வைக்கவும் அவர்களுக்கு நான்கு நாள் கிடைத்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தாலே பெரிய உதவி. நீங்களோ பேச்சோடு பேச்சாக நான்காவதாக இன்னொன்றும் கேட்டுக் குறித்து வைத்திருந்தீர்கள்: "இதைப் பார்க்கிறவர் யார், பார்த்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும்?" அந்தக் குறிப்பைப் படித்த பிறகு எங்கள் திட்டத்தில் பாதியைத் தூக்கிப் போட்டோம். ஐந்து தளங்களையும் சுற்றிக் காட்டும் அமர்வு போயிற்று. ஒரு நோக்கம், ஒரு தளம், ஒரு பதிவு என்று ஆயிற்று. 7 பேர் தாங்கள் உதவும் குடும்பங்களுக்குச் செய்தி சேர்க்கத்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இன்ஸ்டாகிராம் எதற்கு? ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸப் ஒளிபரப்புப் பட்டியல் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அமைப்பின் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே அவர்களுடைய முதல் பயிற்சி செய்தி எழுதுவதே அல்ல, எண்ணைச் சேமிக்கச் சொல்லி வீடுகளில் கொடுக்கும் இரண்டு வரித் துண்டுச்சீட்டு. உங்கள் கேள்வி இல்லாவிட்டால் இது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

இடம் தந்தவர்களுக்கும், ப்ரொஜெக்டரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொண்டுவந்தவர்களுக்கும், குழந்தைகளின் முகம் தெரிந்த படங்களைத் தனியே ஒதுக்கி வைத்து "பெற்றோர் ஒப்புதல் எங்கே?" என்று கேட்டவருக்கும் நன்றி. 6 பேருக்கு ஒருவராக நின்ற மூன்று இளைஞர்களே, பங்கேற்பாளரின் போனை நீங்கள் ஒருமுறைகூடக் கையில் வாங்கவில்லை. வாங்கிச் செய்து கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்தும் போகும். அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது!

இனி எங்கள் பயிற்சிகளில் அழைப்பு போகிற அன்றே இந்த நான்கு கேள்விகளும் போகும். ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு மேல் நாங்கள் பேசமாட்டோம். மிச்சம் அவர்கள் கைவேலைக்கு. இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் 18 பேரையும் அழைத்து, எங்கே சிக்கிக்கொண்டார்கள் என்று கேட்போம். பெயர்களைப் பிரித்துக்கொண்டாயிற்று. பெயர் போட வேண்டாம் என்றவரே, உங்கள் குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? அழைப்பதற்கு முன் யார் எதற்காக வந்தார்கள் என்று இன்னொரு முறை படித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்