காரை விற்கவில்லை, ரவி

அன்புள்ள ரவி,

நீ சித்திரையில் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். மூர்த்தி அண்ணைக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. குகன் மறுபடியும் கோழிப்பண்ணை என்று தொடங்கியிருக்கிறான், நீ வந்து தடுத்தால்தான் உண்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கொரோலாவை நான் விற்கவில்லை. முழுக்க வாசித்துவிட்டு ஏசு.

‘எஞ்சின் கம்பியூட்டர் போய்விட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்’ என்று கராஜில் சொன்னதை அம்மா உனக்குச் சொல்லி, நீ எனக்கு எழுதினாய். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? பிளக் மாற்றினார்கள். டிஸ்ரிபியூட்டர் மூடி மாற்றினார்கள். பெற்றோல் பில்ரர், பிறகு பம்ப். எஞ்சினுக்குக் காற்றை விடும் தகடு இருக்கிற திரொட்டல் பொடியைக் கழற்றிக் கழுவினார்கள். எல்லாவற்றுக்கும் நீ அனுப்பிய காசு. ஆனால் ஒருவரும் வோல்ற் அளக்கிற ஒரு மீற்றரைக் கையில் எடுக்கவில்லை. பில்லைப் பார்த்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

காருக்கு இருந்த வருத்தம் இதுதான்: ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சந்தியில் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடும். ஏசி போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். தட்டாதெருச் சந்தியில் அப்படி நின்றபோது பின்னால் பஸ் ஒன்று நெருக்கிப் பிரேக் அடித்திருக்கிறது. உள்ளே அம்மா இருந்தார். உனக்கு இதைச் சொல்லியிருக்கமாட்டார். எனக்கும் சாரதிப் பெடியன்தான் சொன்னான். அன்றைக்கே காரை என் முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

1993ஆம் ஆண்டு வண்டி, 5ஏ-எஃப்இ எஞ்சின். இப்போதைய ஸ்கானர் அதற்குப் பூட்ட வராது. ஆனால் எஞ்சின் பக்கத்தில் ‘டயக்னோசிஸ்’ என்று மூடியில் எழுதிய அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறதே, அதில் டிஇ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டிப் பிழையின் இலக்கத்தைச் சொல்லும். திரொட்டல் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்பியூட்டருக்குச் சொல்லும் திரொட்டல் பொசிஷன் சென்சரின் சுற்று அறுந்தால் 41 வரும். நாலு சிமிட்டு, சின்ன ஓய்வு, ஒரு சிமிட்டு. 41 வரவில்லை. வந்தது 51. ஏசி நிறுத்தியிருக்கிறது, பெடலில் கால் இல்லை, அப்படியும் 51. அதன் பொருள், யாரோ அக்சிலரேற்றரை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கம்பியூட்டர் நம்புகிறது. கம்பியூட்டர் போகவில்லை ரவி. அதற்குப் பிழையான செய்தி போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சென்சருக்குள் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகு மாதிரி ஒரு தடத்தில் ஊசி ஓடும். 5 வோல்ற் கொடுத்தால், தகடு மூடியிருக்கையில் அரை வோல்ற் அளவில் தொடங்கி, திறக்கத் திறக்க ஏறி நாலை அண்மிக்கும். மற்றது ஐடிஎல் என்கிற சின்ன ஆளி. கால் எடுத்ததும் அது மூடவேண்டும். அது மூடினால்தான் கம்பியூட்டர் ‘வண்டி ஐட்லில், பெடலில் கால் இல்லாமல், நிற்கிறது’ என்று விளங்கி எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும்.

முதலில் தடத்தைப் பார்த்தேன். அதற்கு அப்பாவின் பழைய சன்வா ஊசி மீற்றரைத்தான் எடுத்தேன். டிஜிற்றல் மீற்றர் விட்டுவிட்டுத்தான் அளக்கும், நடுவில் ஒரு கணம் வோல்ற் விழுந்தால் அதற்குத் தெரியாமலே போய்விடும். ஊசி என்றால் துள்ளிக் காட்டும். அதிலும் ஐட்லைத் தாண்டிய தொடக்கப் பகுதியில்தான் தடம் தேயும், ஊரோட்டத்தில் கால் அதிகம் நிற்பது அங்கேதானே. சாவி போட்டு, எஞ்சின் எடுக்காமல், சென்சர் பிளக்கின் பின்பக்கத்தால் வயரைத் தொட்டுக்கொண்டு தகட்டை மெல்ல மெல்லத் திறந்தேன். ஊசி ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்லமுடியும். சென்சர் நல்ல சென்சர். இடம்தான் மாறியிருந்தது.

குனிந்து பார்த்தால் அதன் இரண்டு திருகுகளின் தலையிலும் புதுக்கீறல். திருகு போகும் துளை நீள்துளை, சென்சரை இப்படியும் அப்படியும் திருப்பலாம். கழுவக் கழற்றியவர்கள் கண் மதிப்பில் திரும்பப் பூட்டிவிட்டிருக்கிறார்கள். இது கண் மதிப்பில் வைக்கிற சாமான் இல்லையடா. திரொட்டல் நெம்புக்கும் அது வந்து முட்டும் திருகுக்கும் நடுவில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு வைத்துத்தான் பார்க்கவேண்டும். கையேட்டில் இரண்டு தடிப்புக் கொடுத்திருக்கிறது. மெல்லிய தகடு வைத்தால் சென்சரின் ஐடிஎல் முனைக்கும் ஈ2 என்கிற எர்த் முனைக்கும் நடுவில் தொடர்பு இருக்கவேண்டும், தடித்தது வைத்தால் அறவேண்டும். இரண்டு தகட்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. திருகைச் சற்றே இளக்கி, சென்சரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மீற்றர் ஊசி அசைந்த இடத்தில் பிடித்து இறுக்கவேண்டும். இறுக்கும்போது ஒருக்கால் நகரும், திரும்ப அளக்கவேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. நெம்பு முட்டும் திருகில் கைவைக்கவே கூடாது. அதைத் திருகி ஐட்ல் ஏற்றுகிற பழக்கம் எத்தனை நல்ல எஞ்சினைக் கெடுத்திருக்கிறது!

இப்போது கால் எடுத்தால் விளக்கு சீராகச் சிமிட்டுகிறது, பிழை இல்லை என்று பொருள்; பெடலைத் தொட்டால் 51. ஏசி போட்டதும் எஞ்சின் ஒரு சின்னக் குனிவு குனிந்து நிமிர்ந்து அப்படியே நிற்கிறது. மூர்த்தி அண்ணையை ஏற்றிக்கொண்டு கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணம் ரவுண் வரை ஏசியோடு போய்வந்தேன். ஒரு சந்தியிலும் நிற்கவில்லை. புதுக்கண்ணால் வெளியைப் பார்க்காமல் டாஷ்போட் ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தார் மனுஷன்.

நீ ரொறன்ரோவில் வைத்திருக்கிற வண்டியில் இந்த வேலையெல்லாம் செய்யமுடியாது, தெரியும்தானே? பெடலிலிருந்து திரொட்டலுக்குக் கேபிளே இல்லை, பெடலில் ஒரு சென்சர், தகட்டில் ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் இரட்டைத் தடம், ஒன்று மற்றதைக் காவல் காக்கும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் பனிக்காலத்தில் அது மக்கர் பண்ணினால் நீ இழுவை வண்டிக்குப் போன் எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான், மெக்கானிக் மகனே!

ஒன்று மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். 2020 பங்குனியில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது, சொந்தப் பாவனைக் கார் வர 2025 ஆயிற்று. அந்த ஐந்து வருடமும் இந்த ஊர் இப்படிப்பட்ட பழைய வண்டிகளில்தான் ஓடியது. அதைத் திருத்துகிற பெடியளுக்கு அளந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சாமானை மாற்று, மாற்று என்றுதான் பழகுகிறார்கள். அம்மா போல எத்தனை பேர் காசையும் கொடுத்துவிட்டு, நிற்கிற வண்டியில் பயந்து பயந்து போகிறார்கள்? சாரதிப் பெடியனுக்கு ஞாயிறுகளில் மீற்றர் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கெட்டிக்காரன். அவனுக்கு ஒரு நல்ல ஃபீலர் கேஜ் செற் யாரிடமாவது கொடுத்துவிடு.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு அம்மாவை நானே கூட்டிப்போகிறேன். விற்கிற கதையை நிறுத்தச் சொல்லி நீயே அவருக்குப் போன் எடு, நான் சொன்னால் கேட்கமாட்டார். புரோக்கர் ஒருவர் ஏற்கெனவே இரண்டுதரம் கேற்றடிக்கு வந்து ரயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புடன்,
சிவா