கண்டியிலிருந்து மடுவுக்கு ஒரு நடைவழி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் மலையகப் பங்குகளில், மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மடு மாதா திருத்தலத்தின் திருவிழாவுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. தோட்டத்துக்குத் தோட்டம் பணம் சேர்த்து, பஸ்ஸோ வேனோ பேசி, அரிசியும் சட்டிபானையும் பாயும் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்படுகிறோம். 15 ஆம் திகதித் திருப்பலி முடிந்ததும், மறுநாள் காலை தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு நிற்க வேண்டுமே என்ற கவலையோடு திரும்பிவிடுகிறோம். இந்தப் பயணத்தை நான் குறைவாக எண்ணவில்லை. பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் ஒரே வெளியூர்ப் பயணம் அதுதான். ஆயினும் கதிர்காமத்துக்கு வடக்கிலிருந்து கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து செல்லும் பாதயாத்திரை இன்றும் நம் நாட்டில் உயிரோடிருக்கையில், செப்டெம்பர் 8 ஆம் திகதிப் பெருவிழாவை முன்னிட்டு வேளாங்கண்ணிக்குத் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் காவியுடுத்திக் கால்நடையாகச் செல்கையில், மலையகத் திருச்சபைக்கென்று ஒரு நெடிய நடைவழி இல்லாதிருப்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. கண்டியில் தொடங்கி மாத்தளை வழியாக மடு வரை அத்தகைய வழியொன்றை நம் திருச்சபைகள் அமைக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

கிறிஸ்தவ உலகில் இன்று மிகுந்த பெயர் பெற்றிருக்கும் நடைவழி, ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரத்துக்குச் செல்வதாகும். யாகப்பர் என்றும் சந்தியோகுமையோர் என்றும் நம்மவர் வணங்கும் அப்போஸ்தலரின் கல்லறை அங்கு இருப்பதாக நம்பி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய மக்கள் அதை நோக்கி நடந்திருக்கிறார்கள். பிரான்ஸ் எல்லையில் தொடங்கும் பெருவழி மட்டுமே ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளமானது. 2024 ஆம் ஆண்டில் அந்நகரை அடைந்து சான்றிதழ் பெற்ற யாத்திரிகரின் தொகை 5 இலட்சத்தை நெருங்கியது. ஆனால் 1980களின் தொடக்கத்தில், யூபிலி ஆண்டைத் தவிர்த்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சில நூறு பேரே அங்கு நடந்து சென்றார்கள். அதாவது பாதையின் பெரும்பகுதி மறைந்தும் மறந்தும் போயிருந்தது.

அதை மீட்டவர்களுள் முதன்மையானவர் ஒரு சாதாரணக் கிராமப் பங்குத்தந்தை. ஒ செப்ரெய்ரோ என்னும் மலைக் கிராமத்தில் பணியாற்றிய அருட்தந்தை எலியாஸ் வாலிஞா, பழைய வழியை ஊர் ஊராகத் தேடி ஆராய்ந்து, 1984 ஆம் ஆண்டளவில் மஞ்சள் நிற வர்ணத்தால் மரங்களிலும் மதில்களிலும் அம்புக்குறிகளைத் தீட்டிக்கொண்டே சென்றார். அவர் 1989 இல் இறந்தார். அதற்கு முன்பே, 1987 இல், ஐரோப்பிய அவை அவ்வழியைத் தன் முதலாவது பண்பாட்டு வழியாக அறிவித்துவிட்டது. அரசாங்கம் வந்து தொடங்கட்டும், மறைமாவட்டம் நிதி ஒதுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதை நம் பங்குகளில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

பிரான்சில் வாழும் என் தங்கை மகன் அவ்வழியின் ஒரு பகுதியை நடந்து முடித்துவிட்டுத் தொலைபேசியில் பேசியபோது, பேராலயத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொன்னான். தங்கிய இடங்களைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினான். கையிலுள்ள யாத்திரைக் கடவுச்சீட்டில் முத்திரை பதித்துக்கொண்டால் யாரும் தங்கக்கூடிய எளிய விடுதிகள் ஒவ்வொரு சிற்றூரிலும் இருப்பதையும், அவற்றுள் சில இன்னமும் இயன்றதை உண்டியலில் போடும்படி மட்டுமே கேட்பதையும், கொப்புளம் கண்ட காலுக்கு அங்கிருந்த ஒரு மூதாட்டி மருந்திட்டுக் கட்டியதையும் அவன் சொல்லக் கேட்டபோது, அந்த வழி ஏன் இத்தனை நூற்றாண்டு நிலைத்தது என்பது எனக்கு விளங்கியது. நடப்பவர்களைவிட, நடப்பவர்களுக்கு இடங்கொடுப்பவர்களே யாத்திரை வழியை உண்டாக்குகிறார்கள். 11 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமிங்கோ, துறவு மடங்கள் தம்மை ஏற்றுக்கொள்ளாதபோது ஓஹா ஆற்றங்கரையில் தனித்துறவியாக இருந்து, யாத்திரிகருக்காகக் காட்டை வெட்டிச் சாலையமைத்தார், ஆற்றுக்குப் பாலம் கட்டினார், நோயுற்றவர்கள் தங்க ஒரு விடுதியும் எழுப்பினார். அவர் 1109 இல் இறந்த இடத்தில் எழுந்த ஊர் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சாலையும் பாலமும் விடுதியும் கட்டியதற்காக ஒருவரைப் புனிதராக வணங்கும் மரபு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நமக்கும் நடந்தே பணிசெய்த புனிதர் ஒருவர் இருக்கிறார். கோவாவில் 1651 இல் பிறந்த புனித யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாள் கோலத்தில் இத்தீவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலும் பின்னர் புத்தளத்திலும் மறைவாகப் பணியாற்றி, 1692 இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்து, ஒற்றன் என்ற ஐயத்தில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நன்மதிப்பைப் பெற்று, 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையால் பேணினார். 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே உயிர் துறந்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது மலையகத்திலிருந்தும் பெருந்திரளானோர் சென்றிருந்தோம். செருப்பணியாத காலோடு நாடெங்கும் நடந்த அவருக்குச் சிலைகளும் சிற்றாலயங்களும் எழுப்பியிருக்கிறோம். அவரைப் போல் நடப்பதற்கு ஒரு வழியைத்தான் இன்னும் அமைக்கவில்லை.

அவர் முதன்முதல் கண்டிக்கு வந்தது புத்தளம் பக்கத்திலிருந்தாகையால், புத்தளத்திலிருந்து கண்டிக்கு வழியமைப்பதுதானே முறை என்று சிலர் கேட்கலாம். அந்த வழியும் ஒருநாள் அமையட்டும். ஆயினும் மாத்தளை வழியை நான் முதலில் வலியுறுத்துவதற்குக் காரணம், அது நம் சொந்த மூதாதையர் நடந்த வழியாகும். 19 ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர்களுக்குக் கல்லறையுமில்லை, சிலுவையுமில்லை. 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்ற மலையக நடைபயணம் அந்த வரலாற்றை நாடறியச் செய்தது. ஒருமுறை நடந்த அந்த நடையை ஆண்டுதோறும் நடக்கும் செபமாக்குவது திருச்சபையால் இயலும். இறந்தோருக்காகச் செபிக்கும் கடமை நமக்கிருக்கும்போது, அவர்கள் விழுந்த மண்ணில் நின்று செபிப்பதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்? மடு மாதாவின் திருச்சொரூபமும், ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்கு அஞ்சிய மக்களால் மாந்தையிலிருந்து காட்டுக்குள் சுமந்து செல்லப்பட்டதே ஆகும்.

முழு வழியும் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அதை ஒரே ஆண்டில் அமைத்துவிட முடியாது. கண்டியிலிருந்து மாத்தளைக்கும், அங்கிருந்து வாஹக்கோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கும் முதற்பகுதியை அமைக்கலாம். மூன்று நாள்களில் ஆறுதலாக நடக்கக்கூடிய தூரம் அது. கண்டி மன்னர் காலத்தில் குடியேறிய போர்த்துக்கீசரின் வழிவந்த கத்தோலிக்கர், குருக்களே இல்லாத காலத்திலும் விசுவாசத்தைக் காத்த ஊர் வாஹக்கோட்டை. சிங்களம் பேசும் அம்மக்களும் தமிழ் பேசும் நாமும் ஒரே வழியில் நடந்து ஒரே மண்டபத்தில் படுத்துறங்குவது, எத்தனையோ கருத்தரங்குகள் செய்யாத நன்மையைச் செய்யும் என்று நம்புகிறேன். வழியில் அக்குறணையின் முஸ்லிம் கடைத்தெருவும், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும், அலுவிகாரை என்னும் பௌத்த விகாரையும் வருகின்றன. தாகத்தோடு நடந்து வருபவருக்குத் தண்ணீர் கொடுக்க மறுப்பவர் இவற்றுள் எந்தச் சமூகத்திலும் இல்லை.

காலத்தைப் பொறுத்தவரை, புனிதரின் திருநாளான ஜனவரி நடுப்பகுதியில் மாத்தளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்திருக்காது. தவக்காலம் வரும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே பொருத்தமானவை. சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் வழியிலேயே பகிர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஏ-9 நெடுஞ்சாலையின் ஓரமாக நடத்திச் செல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நடைபாதையில்லாத வளைவுகளில் பஸ்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பதில் செபமும் இராது, பாதுகாப்பும் இராது. தோட்டப் பாதைகளும் கிராமப் பாதைகளும் குறுக்குகளும் நிறைய உள்ளன. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் நாள்களில் யாரையும் நடக்க விடக்கூடாது. பின்னாளில் தம்புள்ளைக்கு வடக்கே வழி நீளும்போது காட்டு யானைகளின் அச்சம் இருப்பதால், விடியுமுன்னும் அந்தி சாய்ந்த பின்னும் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்களுக்கு நல்ல கழிவறையும் குளிக்க மறைவான இடமும் தாழ்ப்பாளுள்ள அறையும் ஒவ்வொரு தங்குமிடத்திலும் இல்லாவிட்டால் வழியைத் திறக்கவே கூடாது. நம் யாத்திரைகளில் பெண்களின் சிரமத்தைக் காணிக்கை என்று சொல்லிச் சமாளிக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது, அது போதும்.

நாட்சம்பளத்துக்கு வேலைசெய்யும் தோட்டத் தொழிலாளிக்கு மூன்று நாள் நடை என்றால் மூன்று நாள் சம்பளம் போய்விடும். கொழுந்து குறைந்தாலே அரைநாள் சம்பளமாகிய அரைப்பேர் போடப்படும் வாழ்க்கையில் இது சிறிய இழப்பன்று. ஆகவே வழியை நாள் நாளாகப் பிரித்து, ஒருவர் இந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பகுதியையும் மறு ஆண்டு அடுத்த பகுதியையும் நடந்து, தன் அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ள இடமளிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் விடுமுறை குறைந்தவர்கள் இப்படித்தான் ஆண்டு ஆண்டாக நடந்து முடிக்கிறார்கள். கொம்போஸ்தெலாச் சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்ற விதியால் அந்த இறுதிப் பகுதியில் மட்டும் நெரிசல் மிகுந்து, வணிகமும் பெருகிவிட்டது. நாம் தூரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தையே தொடங்காதிருப்பது நல்லது.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பீக்கோ டிரெயில் நடைபாதை, நம் தேயிலை மலைகளுக்கு நடுவே சில ஆண்டுகளுக்குள் அமைக்கப்பட்டுவிட்டது. தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களின் வாசல் வழியாக வெளிநாட்டவர் முதுகுப் பையோடு நடந்து போவதை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அது நல்ல முயற்சிதான், சில குடும்பங்களுக்கு வருமானமும் தருகிறது. பழைய பாதைகளைத் துப்புரவாக்கி, வழிகாட்டிக் கம்பம் நட்டு, ஒரு நெடுவழியை இம்மலைகளில் நடத்திக் காட்டலாம் என்பதற்கு அது கண்முன் சான்றாக நிற்கிறது. நாம் கேட்கும் வழிக்கு அத்தனை செலவும் தேவையில்லை. ஆலய மண்டபங்களும் மறைக்கல்வி வகுப்பறைகளும் வார நாள்களில் பூட்டித்தான் கிடக்கின்றன.

கன்ரர்பரிப் பேராயர் சிஜெரிக், 990 இல் உரோமையிலிருந்து ஊர் திரும்பியபோது தாம் தங்கிய 79 இடங்களின் பெயர்ப் பட்டியல் எஞ்சியிருந்ததால்தான், உரோமைக்குச் செல்லும் பிரான்சிஜெனா வழியை இக்காலத்தவரால் மீண்டும் அமைக்க முடிந்தது. நம்மிடம் அத்தகைய பட்டியல் இல்லை. தொழிலாளரைத் திரட்டி அழைத்துவந்த கங்காணியோடு வந்தவர்கள் எங்கே சமைத்தார்கள், எந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்தார்கள், வழிப்போக்கர் தங்கும் எந்த அம்பலத்தில் படுத்தார்கள் என்று தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்த முதியவர்கள் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் இடப்பெயர்களைப் பங்கு இளைஞர்கள் இப்போதே எழுதியெடுக்கட்டும். தங்கள் பத்திரிகை அவற்றை வெளியிட ஒரு பத்தி ஒதுக்கித்தர வேண்டும். கண்டி, அனுராதபுரம், மன்னார் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் ஆயர்களும் வரும் தவக்காலத்துக்கு முன் இதுபற்றி ஒருமுறை கூடிப் பேச வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர்,
மாத்தளை.