நேபாளம் போய்வந்த கல்லடிக் குழுவின் நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே நின்று கைகொடுத்த உறவுகளுக்கும்,

சிந்துபால்சோக் மாவட்டத்து மலைக்கிராமப் பள்ளியில் உடைந்து கிடந்த, பிள்ளைகள் அமரும் வாங்குகளும் ஜன்னல்களும் பழுதுபார்க்கப்பட்டுவிட்டன. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் அதுவும் ஒன்று.

முதல் நன்றி அவ்வூர்ப் போதகருக்கு. என்ன கொண்டுவரட்டும் என்று தொலைபேசியில் கேட்டோம். உடுப்பு வேண்டாம், பொம்மை வேண்டாம், மரவேலை தெரிந்த ஒருவர் வந்தால் போதும் என்றார். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் முகாம்களில் இருந்த நமக்கு இந்தப் பதிலின் அருமை புரியும். அன்று நமக்கு உதவ வந்தவர்களில் நம்மோடு மண் சுமந்தவர்களும் உண்டு. உள்ளூர் பெயின்டர் வேலையின்றிக் குந்தியிருக்க, சுவருக்குத் தாங்களே வர்ணம் அடித்துப் படமும் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

பிரசங்கம் இல்லாமல் இது என்ன ஊழியம் என்று சிலர் முணுமுணுத்தது என் காதுக்கும் வந்தது. மதம் மாற்றுவதை நேபாளத்தின் 2015 அரசியலமைப்பே தடுக்கிறது. 2018 முதல் நடைமுறையிலிருக்கும் சட்டப்படி ஐந்தாண்டுவரை சிறை. நாங்கள் பேசிவிட்டு விமானம் ஏறிவிடுவோம், அகப்படுவது அந்தச் சபைதான். அனுமதிக் காரியங்களையும் அவர்களே பார்த்துத் தந்தார்கள். அங்கே சபைகள் சனிக்கிழமைதான் கூடுகின்றன. தரையில் சம்மணமிட்டு, ‘ஜெய் மசீ’ (கிறிஸ்துவுக்கு ஜெயம்) என்று கைகூப்பி, அவர்கள் பாட நாங்கள் கைதட்டினோம்.

மரவேலைக்கு எங்களோடு வந்த ஓடாவி அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதிரையிலும் வேம்பிலும் பழகிய கை. அங்கே கிடைத்ததோ பைன் பலகை. சீவுளியை வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அலகைக் கொஞ்சம் உள்ளே தட்டிவிட்டு, சீவிய பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு பக்கத்தில் நின்ற பையனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பையன் தலையாட்டினான். இவருக்கு நேபாளி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் புறப்படும்போது கடைசி வாங்குகளை அந்தப் பையன்களே பொருத்திக்கொண்டிருந்தார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த அண்ணனுக்கும், அந்த நாட்களில் வீட்டைச் சமாளித்த அக்காவுக்கும் என்ன சொன்னாலும் தகும்.

இத்தனை குறுகிய காலத்தில் என்ன கிழித்துவிடுவீர்கள் என்று கேட்ட நண்பருக்கும் நன்றி. அந்தக் கேள்விதான் எங்களை ஒரே வேலையோடு நிற்கவைத்தது. 1814இல் நம் ஊருக்கு வந்து, இன்றும் நடக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு வித்திட்ட வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஓராண்டு நிறையுமுன் இங்கேயே இறந்துபோனார் என்று அவரிடம் வாதாடினேன். ஆனால் ஓல்ட் திரும்பும் டிக்கெட்டோடு வந்தவர் அல்லர்.

பணம் எப்படிச் சேர்ந்தது? பாதி, மாதர் சங்கத்து அக்காமார் விற்ற சோற்றுப் பார்சல். வாவி இறால் குழம்புக்காகவே இரண்டாம் பார்சல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மீதியைக் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பினார்கள். காத்தான்குடிக் கடைக்காரச் சகோதரர் போர்வைகளை வாங்கிய விலைக்கே தந்தார். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் ஓட்டிய தம்பி டீசல் காசு மட்டும் வாங்கினார். புறப்படுவதற்கு முதல்நாள் மாமாங்கேஸ்வரர் கோயிலில் எங்களுக்காகக் கற்பூரமும் கொளுத்தினாராம். போதகர் ஐயா இதை வாசித்துக் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவித்தல் பலகையில் இருக்கிறது. மிஞ்சியதைப் பலகை வாங்க அங்கேயே கொடுத்துவிட்டோம். நுவரெலியாவில் படிப்பித்த ஆசிரியர்கள் இரவல் தந்த சுவெட்டர்கள் துவைத்துத் தயாராக உள்ளன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம். பழுப்பு நிறச் சுவெட்டருக்கு மட்டும் மூன்று பேர் உரிமை கோரியிருக்கிறார்கள். தயவுசெய்து உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
குழுவின் பொறுப்பாளர்,
கல்லடி, மட்டக்களப்பு