கை வீக்கமும் நிணநீரும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. உன் நாத்தனாருக்கும் மார்பக அறுவை சிகிச்சை என்று எழுதியிருந்தாய். அதனால்தான் அக்காவின் கையைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

அக்காவுக்குப் புற்றுநோய்க்காக இடது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை, அதாவது நிணநீரை வடிகட்டும் சின்னக் கணுக்களை, எடுத்தார்கள். சில மாதம் கழித்து இடது கை வீங்கத் தொடங்கியது. இப்படி ஆகலாம் என்று எங்களிடம் முன்பே ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், மல்லிகா.

இரத்த நுண்குழாய்களிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் எந்நேரமும் திசுக்களுக்குள் கசிகின்றன. அந்தப் புரதம் வந்த வழியே திரும்பாது. நிணநீர்க் குழாய்கள்தான் அதையும் மிஞ்சிய நீரையும் நிணநீராக ஏந்திப் போய், கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் சேர்க்க வேண்டும். முடிச்சுகளை எடுத்ததில் அந்த வழி அடைபட்டால் புரதம் கையிலேயே தங்கி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளாக நாளாகத் தோலும் தடித்துப்போகும்.

இந்த ஓட்டத்துக்கென்று தனியாக ஓர் இதயம் நமக்குக் கிடையாது. குழாய்களே சுருங்கி விரிகின்றன, உள்ளே இருக்கும் வால்வுகள் பின்னால் போகவிடுவதில்லை. மீதியைத் தசையும் மூச்சும் பார்த்துக்கொள்கின்றன. ஆழமாக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து வயிற்றில் கூடுகிறது, நிணநீர் மேலே ஏறுகிறது. நாம் சும்மா மூச்சு விடுவதற்குள் இவ்வளவு வேலை நடக்கிறதே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

தேங்கிய நிணநீரை வடிக்கத் தடவிவிட்ட பிசியோதெரபிஸ்ட் வீங்கிய இடத்தில் ஆரம்பிக்கவே இல்லை. முதலில் மூச்சு, அப்புறம் கழுத்து, வலது அக்குள், நெஞ்சு, மேற்கை, முன்கை கடைசியில்தான். வாய்க்காலில் முன்னே இருக்கும் அடைப்பை எடுத்துவிட்டுத்தானே மடையைத் திறப்போம்! தடவுவதும் மிக லேசாக. நிணநீர் புகும் நுண்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருப்பதால், தோலை மெல்ல நகர்த்தினாலே அவற்றின் வாய் திறந்துகொள்ளுமாம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதே.

பகலில் அக்கா அழுத்த உறை போட்டுக்கொண்டே கைப்பயிற்சி செய்கிறாள். வீக்கம் முழுசாகப் போகவில்லை, ஆனால் கனம் குறைந்து தலை வாரிக்கொள்கிறாள்.

அறுவைக்கு முன்பே நாத்தனாரின் இரண்டு கைகளையும் அளந்து எழுதி வைக்கச் சொல். பிறகு கை சிவந்து சூடானாலோ காய்ச்சல் வந்தாலோ, அது தொற்றாக இருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போகட்டும். அறுவைத் தேதி முடிவானதும் எழுது, நான் வந்து கூட இருக்கிறேன்.

அன்புடன்,
சாந்தி