என்னண்ணே, உங்க ஆளு போயிட்டாராமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன் மறைவுக்கு நீங்கள் போட்ட பக்கத்தைப் பார்த்தேன். ‘எங்கேயோ இருக்கிற ஆஸ்திரேலியக்காரர் இறந்ததற்கு இங்கே எதற்கு இத்தனை ஒப்பாரி?’ என்று தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அதையேதான் என் வீட்டிலும் கேட்டார்கள். வீட்டில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

நான் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப் போட்ட சிமெண்ட் கல், செய்கிறவன். 2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. மொகாலியில் கோலியின் 100-வது டெஸ்ட். ரிஷப் பந்த் 96-ல் அவுட்டானதைப் பேசிக்கொண்டு இரவு டீக்கடையில் நின்றோம். அப்போதுதான் செல்போனில் சேதி வந்தது. தாய்லாந்தில் கோ சாமுயி தீவில் ஷேன் வார்ன் காலமானார், மாரடைப்பு, வயது 52. நாங்கள் நம்பவில்லை. அதே நாளில்தான் ஆஸ்திரேலியாவின் பழைய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் போனதற்கு வார்ன் இரங்கல் எழுதியிருந்தார். இரண்டு பெயரையும் யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று ஒருவன் அடித்துச் சொன்னான்.

மறுநாள் பட்டறையில் பையன்கள், கேதம் கேட்க வந்தவர்கள் மாதிரி என் முன்னால் வந்து நின்றார்கள். “என்னண்ணே, உங்க ஆளு போயிட்டாராமே.”

1998-ல் சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் சச்சினை 4 ரன்னில் அனுப்பியவர் எப்படி என் ஆளானார்? (அடுத்த இன்னிங்ஸில் சச்சின் 155 அடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார், அது வேறு.)

எங்கள் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாகக் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். தோள் ஆடக் கூடாது, மணிக்கட்டுதான் திரும்ப வேண்டும். கையை இறுக்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடி, பூ கெட்டுவிடும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவர், “கையை விடுடா, கையை விடு” என்று தலையில் குட்டிக்கொண்டே இருப்பார். எனக்குப் புரியவே இல்லை.

2004 அக்டோபரில் சித்தப்பா மகனோடு ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டின் இரண்டாம் நாள். எங்கள் இடத்திலிருந்து பந்து சரியாகத் தெரியவில்லை, வார்னின் கை தெரிந்தது. கோயிலுக்குப் போகிறவர் மாதிரி நாலு எட்டு நடந்து வருவார். கடைசி நொடியில் மணிக்கட்டு மட்டும் ஒரு சுழற்று. பெரியவர் சொன்னது அங்கேதான் விளங்கிற்று. இர்பான் பதான் கொடுத்த கேட்சை ஸ்லிப்பில் ஹெய்டன் பிடித்தார். 533-வது விக்கெட், முரளிதரனின் 532-ஐத் தாண்டிய உலக சாதனை. நான் கை தட்டினேன். “நம்ம விக்கெட்டுக்கே கை தட்டுறியேப்பா” என்றார் பக்கத்திலிருந்த வேறொரு பெரியவர். அதை அவர் எழுந்து நின்று கை தட்டியபடிதான் சொன்னார்.

அந்த இன்னிங்ஸில் வார்ன் 6 விக்கெட் எடுத்தார். கடைசி நாள் நமக்கு 210 ரன் தேவை, மழை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. 2008 ஐபிஎல் இறுதியில் கடைசிப் பந்தில் சென்னை தோற்றபோதும் ராஜஸ்தான் பக்கம் மட்டையோடு ஒரு முனையில் நின்றது இந்த மனிதர்தான். எங்களை வயிறெரிய வைத்ததில் குறைவே வைக்கவில்லை.

தடை செய்யப்பட்ட மாத்திரை சாப்பிட்ட விவகாரத்தில் 2003-ல் ஓராண்டு தடை வாங்கியவர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தடை, சிகரெட், பெண்கள் என்று அரைப் பக்கம் எழுதிய நீங்கள், 708 விக்கெட்டை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படமும் கையில் பீர் டம்ளரோடு. வார்ன் மாதிரி லெக் ஸ்பின் போட ஆசைப்பட்டுப் பொட்டலில் ரப்பர் பந்தை உருட்டும் ஒரு பையன் என் பட்டறையில் இருக்கிறான். அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டலாம் என்று வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து வைத்துவிட்டான்.

பந்தை விரல்களில் அவர் பிடித்திருக்கிற படம் உங்களிடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல் தொழிலாளி,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.